பழைய நகரத்து நெகட்டிவை இருட்டறையில் பிரிண்ட் போடும்போது: சுவர், வானம், சந்து

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்றின் சந்துகள், வளைவு வாசல்கள், மணிக்கூண்டுகள் எல்லாம் 35 மி.மீ. கருப்பு வெள்ளை ஃபிலிமில், 400 ISO வேகத்தில் எடுத்தாயிற்று. 8×10 அங்குலப் பேப்பரில் பிரிண்ட் போட்டால் வானம் வெறும் பேப்பராக வெளுத்துக் கிடக்கிறது, சந்து கரியாகிவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. போதாக்குறைக்குக் கட்டடங்கள் பின்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத, நார்க்காகித அடித்தளம் கொண்ட பேப்பர்), பல வருடம் தாங்கும் பிரிண்ட் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

சுவரிலிருந்து தொடங்குங்கள். வெயில் படும் கல்சுவர், அதில் உளி பொளிந்த தடம் தெரிய வேண்டிய இடம், அதுதான் பிரிண்டின் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். வானத்தையும் சந்தின் இருட்டையும் அதற்குப் பிறகு தனித்தனியாகக் கவனிக்கலாம். பெரும்பாலோர் வானத்தைக் கண்டு பயந்து மொத்த நேரத்தையும் கூட்டுகிறார்கள், அல்லது சந்தைக் கண்டு குறைக்கிறார்கள். இரண்டிலும் பலியாவது சுவர். அந்த ஊரைப் பார்க்க வைப்பதே சுவர்தான்.

இதற்குக் காரணம் எளிது. இரண்டாம் கிரேடு பேப்பர் (கிரேடு என்பது பேப்பரின் கான்ட்ராஸ்ட் எண், குறைந்தால் மென்மை, கூடினால் கடினம்) நெகட்டிவில் ஏறத்தாழ 1.1 அளவு அடர்த்தி வித்தியாசத்தைத்தான் கருப்பு முதல் வெள்ளை வரை காட்டும். 0.3 என்றால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் அளவு, ஆக நாலு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு. உச்சி வெயிலில் எடுத்த குறுகிய சந்தின் நெகட்டிவில் வானத்தையும் சேர்த்தால் வித்தியாசம் இதைத் தாண்டிவிடும். எந்த ஒற்றை நேரத்தாலும் அதைப் பேப்பருக்குள் அடக்க முடியாது. மாறும் கிரேடு பேப்பரில் மிக மென்மையான 00 ஃபில்டர் போட்டால் 1.8 வரை அடங்கும், ஆனால் மொத்தப் படமும் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். அதனால்தான் பகுதி பகுதியாகப் பிரித்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முன்

முதலில் முழு ரோலுக்கும் ஒரு கான்டாக்ட் ஷீட், அதாவது நெகட்டிவ்களைப் பேப்பர்மேல் நேரடியாக வைத்து அதே அளவில் எடுக்கும் பிரிண்ட், போடுங்கள். இரண்டாம் ஃபில்டரில், ஃபிலிமின் வெற்று ஓரம் பேப்பரில் முழுக் கருப்பாக மாறும் மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்திலேயே எல்லா ரோல்களையும் போட வேண்டும். அப்படிப் போட்ட ஷீட் பொய் சொல்லாது. அதில் சந்துக்குள் ஒன்றுமே தெரியவில்லை என்றால் நெகட்டிவிலேயே ஒன்றும் இல்லை என்று அர்த்தம், இருட்டறையில் எந்த வித்தையும் அதை வரவழைக்காது. அந்த ஃபிரேமை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். வானம் வெளுத்திருப்பது வேறு விஷயம். நெகட்டிவை ஒரு வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடர்ந்த கருப்புக்குள் மேகத்தின் வரம்பு தெரிந்தால் அதைப் பிரிண்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

என்லார்ஜர், அதாவது நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கி விழச் செய்யும் கருவி, நேராக இருக்கிறதா என்பதை எந்தப் படத்துக்கும் பார்க்க வேண்டும், கட்டடப் படத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். நெகட்டிவ் தட்டு, லென்ஸ் பலகை, அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பழைய, வீணான, முழுக் கருப்பு நெகட்டிவ் ஒன்றில் ஊசியால் கட்டம் கட்டமாகக் கீறி, அதை ஏற்றி, லென்ஸை முழுதாகத் திறந்து நான்கு மூலைகளிலும் ஃபோகஸ் கருவியை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் எங்கோ கோணல். அட்டைத் துண்டை அண்டக் கொடுத்தாவது சரி செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான்கு மூலையும் கூர்மை, நடு மட்டும் மங்கல் என்றால் விளக்குச் சூட்டில் நெகட்டிவ் வளைகிறது. அதற்குக் கண்ணாடி வைத்த நெகட்டிவ் தட்டு (கேரியர்) வேண்டும். மேல் கண்ணாடி சொரசொரப்பான வகையாக இல்லாவிட்டால் ஃபிலிமின் வழுவழுப்பான முதுகு அதில் ஒட்டி எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் விழும். வெளிர் வானத்தில் அந்த வளையங்கள் பளிச்சென்று தெரியும்.

35 மி.மீ.க்கு 50 மி.மீ. லென்ஸ், 6×6க்கு 80. முழுத் திறப்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் குறைத்து எஃப்/5.6 அல்லது எஃப்/8இல் வேலை செய்யுங்கள். ஃபோகஸ் கருவியின் அடியில் அதே பேப்பரின் துண்டு ஒன்றை வைத்து, படத்தின் கோடுகளைப் பார்க்காமல் ஃபிலிமின் மணிகளை (கிரெய்ன்) பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும்.

சிவப்பு விளக்கைச் சந்தேகப்படாதவர்களே அதிகம். மங்கலான, அழுக்குப் படிந்த பிரிண்டுகளுக்குப் பாதிக் காரணம் அதுதான். விளக்கு பேப்பரிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி, 15 வாட்டுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். வெறும் பேப்பரில் நாணயத்தை வைத்துச் சோதிப்பது போதாது. பேப்பருக்கு ஒரு தொடக்க வாசல் உண்டு, அதைத் தாண்டாத ஒளி தனியாகத் தடம் காட்டாது, படத்தோடு சேரும்போதுதான் காட்டும். ஆகவே பேப்பரை முதலில் என்லார்ஜர் ஒளியில் மிக வெளிர் சாம்பல் வரும் அளவுக்குக் காட்டி, அதன்மேல் நாணயத்தை வைத்து ஏழு நிமிடம் விளக்கின் கீழே விட்டு, பிறகு விளக்கை அணைத்துவிட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல.

சோதனைத் துண்டு

ஒரு பேப்பர்த் துண்டில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் கொடுத்துச் சரியான நேரத்தைத் தேடுவதுதான் சோதனைத் துண்டு. அதில் ஐந்து ஐந்து நொடியாகக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை விடுங்கள். 5க்கும் 10க்கும் இடையே ஒரு முழு ஸ்டாப், 25க்கும் 30க்கும் இடையே கால் ஸ்டாப். அப்படிப்பட்ட துண்டின் ஒரு முனையில் தாவல், மறுமுனையில் வேறுபாடே தெரியாது. அரை ஸ்டாப்பாகப் போங்கள்: முழுத் துண்டுக்கும் 8 நொடி, ஒரு பட்டையை மூடி 3, அடுத்ததை மூடி 5, பிறகு 7, பிறகு 9. கிடைப்பது 8, 11, 16, 23, 32. இதில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே சரியான இடம் இருக்கும், அங்கே இன்னொரு துண்டு போட்டு முடிவு செய்யலாம்.

துண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வானத்திலிருந்து தரை வரை குறுக்கே வைத்தால் ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறு பொருள் விழும், ஒப்பிட முடியாது. வெயில் பட்ட சுவரின் நீளத்தில் வையுங்கள். எல்லாப் பட்டையிலும் அதே கல் இருக்கட்டும்.

துண்டை முழு நேரம் டெவலப் செய்து, ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போட்ட பிறகு வெள்ளை விளக்கில் பாருங்கள். அந்த விளக்கு, பிரிண்ட் கடைசியில் மாட்டப்போகும் அறையின் வெளிச்சத்தைப் போல இருக்க வேண்டும். இருட்டறையில் இருந்து வரும் கண்ணுக்கு எல்லாமே பிரகாசமாகத் தெரியும். பார்க்கும் விளக்கு கூடுதல் பளிச்சென்று இருந்தால், பகலில் எடுத்துப் பார்க்கும்போது பிரிண்ட் இருண்டு போயிருக்கும்.

இரண்டு ஃபில்டரில் ஒரு பிரிண்ட்

மாறும் கிரேடு பேப்பரில் பச்சை ஒளிக்கு மென்மையாகவும் நீல ஒளிக்குக் கடினமாகவும் பதிலளிக்கும் குழம்புகள் கலந்திருக்கின்றன. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கிறது, படம் மென்மையாகிறது. மெஜந்தா பச்சையைத் தடுக்கிறது, படம் கடினமாகிறது. ஒரு ஃபில்டரைத் தேர்ந்தெடுத்து மொத்தப் படத்தையும் போடுவது ஒரு வழி. சந்துப் படங்களுக்கு இரண்டு முனைகளையும் தனித்தனியே கொடுப்பது, அதாவது 00 ஃபில்டரில் ஒரு நேரம், 5 ஃபில்டரில் ஒரு நேரம் என்று பிரிப்பது, என் கணக்கில் இன்னும் நல்ல வழி. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது ஏதோ ஒரு நடுக் கிரேடுதான், அதில் மந்திரம் ஏதும் இல்லை. ஆனால் ஒளி மிகுந்த இடத்தையும் இருண்ட இடத்தையும் தனித்தனிக் கைப்பிடியில் பிடித்துத் திருப்ப முடிகிறது. இங்கே வேண்டியது அதுதான்.

செய்முறை இப்படி. முதல் துண்டு 00 ஃபில்டரில். சுவரின் மிக வெளிச்சமான, ஆனால் சொரசொரப்பு தெரிய வேண்டிய பகுதியைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கருப்பு எப்படியிருக்கிறது என்று இப்போது பார்க்கவே வேண்டாம், அது சாம்பலாகத்தான் இருக்கும். 10 நொடி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் துண்டுக்கு முழுதும் 00இல் 10 நொடி கொடுத்துவிட்டு, அதன்மேல் 5 ஃபில்டரில் 4, 5.6, 8, 11 என்று அடுக்குங்கள். இந்தத் துண்டைச் சந்தின் நிழல் விழும் இடத்தில் வைக்க வேண்டும். வாசலின் உட்புறம், கதவின் கீல் மூலை போல உண்மையிலேயே கருப்பாக இருக்க வேண்டிய ஒரு புள்ளி முழுக் கருப்பாகி, அதன் பக்கத்துக் கற்கள் இன்னும் பிரிந்து தெரியும் பட்டையே உங்கள் நேரம். 5 ஃபில்டரின் ஒளி சுவரையும் லேசாகத் தொடும். ஆகவே முழுப் பிரிண்ட் போடும்போது 00 நேரத்தில் அரை நொடியோ ஒரு நொடியோ குறைக்க வேண்டி வரலாம்.

ஃபில்டரை மாற்றும்போது என்லார்ஜர் தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் கல்வரிகள் எல்லாம் இரட்டையாகிவிடும். லென்ஸுக்குக் கீழே ஃபில்டர் வைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மாற்றிய பிறகு ஐந்தாறு நொடி ஆட்டம் அடங்கக் காத்திருந்து பிறகு விளக்கைப் போடுங்கள்.

வானம்

ஆரம்ப காலத் தகடுகளும் காகித நெகட்டிவ்களும் நீலத்துக்கு மட்டுமே பதில் சொன்னவை. அதனால் கட்டடத்துக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெறுமையாகிவிடும். 1851இல் பிரான்ஸின் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய அனுப்பப்பட்ட ஐவரில் ஒருவரான எடுவார் பால்டுஸ் பல நெகட்டிவ்களை ஒட்டி ஒரே படமாக்கினார். அதே பத்தாண்டில் பர்மாவையும் தென்னிந்தியாவையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். ஆக வானத்தோடு மல்லுக்கட்டுவது உங்களுக்கு மட்டும் வந்த சோதனையில்லை.

இன்றைய வழி, வானத்துக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது. அதை 00 ஃபில்டரில் கொடுங்கள் என்பதுதான் இந்தப் பதிலிலேயே அதிகம் பயன்படக்கூடிய வரி. மென்மையான ஒளி அடர்ந்த வானத்தில் சீக்கிரம் சாயம் ஏற்றும். ஏற்கெனவே கருத்துவிட்ட மணிக்கூண்டின் மேல் அது வழிந்தாலும் பெரிதாக மாற்றம் தெரியாது. அதே நேரத்தை 4 அல்லது 5 ஃபில்டரில் கொடுத்தால் வானம் அசையாது, கூரை விளிம்பு மட்டும் கரியாகும். அடிப்படை நேரம் 10 நொடி என்றால் வானத்துக்கு இன்னும் 15 முதல் 20 நொடி சாதாரணம். ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் போக வேண்டி வந்தால் கீழே சொல்லும் முன்ஒளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரைகளும் கைப்பிடிச் சுவர்களும் வானத்தை ஒழுங்கற்ற கோட்டில் வெட்டுவதால் நேர் விளிம்பு அட்டை உதவாது. பேப்பருக்கும் லென்ஸுக்கும் நடுவே, பாதி உயரத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, அதில் விழும் கூரைக்கோட்டைப் பென்சிலால் வரைந்து கத்தரியுங்கள். அந்த அட்டையை அதே உயரத்தில் பிடித்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்க அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அட்டை வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் கூரையைச் சுற்றி ஒளிவட்டம் போல வெள்ளைப் பட்டை விழும், பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். கட்டடத்துக்குள் சற்று வழிந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறு செய்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் செய்யுங்கள். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர் வானத்தைத் தொடும் படத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே அட்டையை அதிகம் அசைக்காமல், கோட்டை ஒட்டியே, இரண்டு மூன்று தவணையாகக் கொடுக்க வேண்டியதுதான்.

முன்ஒளி என்பது நெகட்டிவ் இல்லாமல் முழுப் பேப்பருக்கும் கொடுக்கும் மிகச் சிறிய ஒளி. பேப்பரைத் தொடக்க வாசலின் விளிம்பு வரை தள்ளிவிட்டால் பிறகு நெகட்டிவின் அடர்ந்த பகுதி வழியாக வரும் சொற்ப ஒளியும் தடம் பதிக்கும். நெகட்டிவை எடுத்துவிட்டு, லென்ஸை எஃப்/16க்கு மூடி, ஒரு நொடி ஒரு நொடியாக ஒரு துண்டு போடுங்கள். டெவலப் செய்து, உலர்த்தி, வெள்ளையிலிருந்து முதலில் பிரியும் பட்டையைக் கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தில் முக்கால் பங்கு போதும். அதற்கு மேல் போனால் வெள்ளை ஓரம் முதல் எல்லாமே அழுக்காகும். என்லார்ஜர் உயரம் மாறினால் இந்த நேரமும் மாறும். ஒவ்வொரு முறையும் நெகட்டிவை எடுத்து வைப்பது சள்ளை என்பதால், இதற்கென்றே இன்னொரு சிறிய விளக்கைச் சுவரில் பொருத்திக்கொள்வது வசதி.

நெகட்டிவில் மேகமே இல்லாமல் வானம் சுத்த வெறுமையாக இருந்தால், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வருவது தட்டையான சாம்பல். அப்போது பேப்பரின் வெள்ளை ஓரத்திலிருந்து பிரிந்து தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு சாயம் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். இருண்ட, தட்டையான, மேகமில்லாத வானம் பொய்யாகத் தெரியும்.

சந்தின் இருட்டு

வளைவு வாசலின் உட்புறத்தை மறைத்து வெளிச்சமாக்குவது எல்லோருக்கும் தெரியும். கம்பியில் ஒட்டிய சிறு அட்டை, இடைவிடாத அசைவு, அவ்வளவுதான். ஆனால் மறைத்த இடம் சேறு போல சாம்பலாகிவிடுகிறதே என்பதுதான் குறை. காரணம், வெளிச்சத்தோடு கருப்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறீர்கள். இரண்டு ஃபில்டர் முறையில் 00 நேரத்தில் மட்டும் மறையுங்கள், 5 நேரத்தில் தொடாதீர்கள். நிழலுக்குள் கற்கள் வெளுக்கும், கதவிடுக்கின் கருப்பு கருப்பாகவே நிற்கும். 10 நொடியில் 3 நொடி மறைத்தாலே அரை ஸ்டாப். அதற்கு மேல் போனால், சூரியன் தொடாத சந்துக்குள் யாரோ விளக்கைக் கொளுத்தி வைத்ததுபோல் ஆகும்.

எல்லாச் சந்தையும் திறந்து காட்ட வேண்டும் என்றும் இல்லை. கல்லின் மேல் விழும் வெயிலுக்கு வலு கொடுப்பதே பக்கத்து இருட்டுதான்.

பின்பக்கம் சாயும் கட்டடம்

கேமராவை அண்ணாந்து பிடித்ததால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குவிகின்றன. பேப்பரைச் சாய்த்து இதைப் பெருமளவு திருத்தலாம். லென்ஸிலிருந்து தூரம் கூடக் கூடப் படம் பெரிதாகும். ஆகவே கட்டடத்தின் உச்சி விழும் பக்கம் தூரத்திலும், அடித்தளம் விழும் பக்கம் கிட்டத்திலும் இருக்க வேண்டும். அதாவது பேப்பரைப் பிடிக்கும் சட்டமான ஈஸலில் அடித்தளப் பக்கத்தை உயர்த்த வேண்டும். தலைகீழாக விழும் படத்தில் இதைக் குழப்பிக்கொள்வது எளிது. உயர்த்தியதும் கோடுகள் இன்னும் குவிந்தால் எதிர்ப்பக்கம் உயர்த்தியிருக்கிறீர்கள்.

50 மி.மீ. லென்ஸில் எட்டு மடங்கு பெரிதாக்கும்போது லென்ஸுக்கும் பேப்பருக்கும் ஏறத்தாழ 45 செ.மீ. ஒரு பக்கத்தை 3 செ.மீ. உயர்த்தினால் ஏழு சதவீதக் குவிவு திருந்தும். நடுவில் ஃபோகஸ் செய்து எஃப்/11க்கு மூடினால் இரண்டு ஓரமும் கூர்மைக்குள் வந்துவிடும். இன்னும் சாய்த்தால் எஃப்/16, அதற்கும் மேலே போகாதீர்கள், மொத்தப் படமும் மென்மையாகும். நெகட்டிவ் தட்டைச் சாய்க்க வசதியுள்ள என்லார்ஜரில், ஈஸல் உயர்ந்த அதே பக்கம் தட்டு தாழும்படி சாய்த்தால் நெகட்டிவ், லென்ஸ், பேப்பர் மூன்றின் தளங்களும் நீட்டிப் பார்க்கும்போது ஒரே கோட்டில் சந்திக்கும். அப்போது லென்ஸை மூடாமலே எங்கும் கூர்மை கிடைக்கும்.

இரண்டு விலை கொடுக்க வேண்டும். கிட்டத்தில் உள்ள பக்கத்துக்கு ஒளி அதிகம். 42க்கும் 45க்கும் கணக்குப் போட்டால் 15 சதவீதம் வருகிறது. 16 நொடி கொடுக்கும் பிரிண்டில் உச்சிப் பக்கத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். இரண்டாவது, கட்டடம் சற்று உயரமாக நீளும், பக்கங்களில் படம் வெட்டுப்படும். முழுவதும் திருத்தினால் மணிக்கூண்டு மேலே அகன்று தலைகனத்து நிற்பதுபோல் தோன்றும். அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குக் கொஞ்சம் குவிவு இயல்பு என்பதால், கடைசி ஒரு துளியை விட்டுவைப்பது நல்லது.

தட்டுகள்

8×10க்கு ஒவ்வொரு தட்டிலும் ஒரு லிட்டர் இருக்கட்டும். இல்ஃபோர்ட் மல்டிகிரேட் டெவலப்பர் 1+9 என்றால் 100 மி.லி.யுடன் 900 தண்ணீர். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல் 1+19, அதாவது 50 மி.லி.யுடன் 950. விரைவு ஃபிக்ஸர் 1+4, 200 மி.லி.யுடன் 800. எல்லாம் 20 டிகிரி. அமிலத்தை எப்போதும் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. டெவலப்பருக்கும் ஃபிக்ஸருக்கும் தனித்தனி இடுக்கி. ஃபிக்ஸர் பட்ட விரல் ஒன்று அடுத்த வெறும் பேப்பரைத் தொட்டால் அந்த ரேகை பிரிண்டிலேயே நின்றுவிடும்.

ஃபைபர் பேப்பருக்கு டெவலப்பரில் முழு இரண்டு நிமிடம். வேகமாகக் கருக்கிறதே என்று ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்தால் கருப்பு திட்டுத் திட்டாக, வலுவில்லாமல் நிற்கும். கருத்தால் அடுத்த தாளில் ஒளி நேரத்தைக் குறையுங்கள், டெவலப்பரில் குறைக்காதீர்கள். ஸ்டாப் கரைசலில் பத்து நொடி, பிறகு ஃபிக்ஸரில் ஒரு நிமிடம், விடாமல் ஆட்டிக்கொண்டு. அதிக நேரம் ஊறினால் நல்லது என்று பத்து நிமிடம் போட்டுவைப்பவர்கள் உண்டு. ஃபைபர் பேப்பரில் அது கெடுதல். ஃபிக்ஸர் நாருக்குள் இறங்கி, பிறகு எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியேறாமல், வருடங்கள் கழித்து மஞ்சளாக வெளிவரும்.

கழுவும் வரிசை: ஓடும் நீரில் ஐந்து நிமிடம், கழுவ உதவும் கரைசலில் பத்து நிமிடம், மறுபடி ஓடும் நீரில் ஐந்து நிமிடம். இல்ஃபோர்ட் தரும் வரிசை இது, ஃபிக்ஸிங் ஒரு நிமிடமாக இருந்தால் மட்டுமே செல்லும். கரைசல் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்துக்கொள்ளலாம். எதுவும் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் ஃபிக்ஸரில் நாற்பது 8×10 ஃபைபர் தாள் வரை போகும். எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள், நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது. சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்துவைத்து, ரசாயனக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

செலீனியம் டோனர் 1+19இல் மூன்று நான்கு நிமிடம் கொடுத்தால் கருப்பு ஒரு படி ஆழமாகும், பிரிண்டின் ஆயுளும் கூடும். ஃபிக்ஸருக்குப் பிறகு ஐந்து நிமிடம் கழுவி, டோனரில் போட்டு, அதன் பிறகு உதவிக் கரைசலும் கடைசிக் கழுவலும். வெள்ளை ஓரத்தில் கறை தோன்றினால் ஃபிக்ஸிங் போதவில்லை என்று அர்த்தம். செலீனியம் நச்சு. கையுறையும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் தொட வேண்டாம். வெதுவெதுப்பான சாயலுள்ள பேப்பரில் அது நிறத்தையும் செம்பழுப்பாக மாற்றும். மணற்கல் சுவர்களுக்கு அழகு, கருங்கல்லுக்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவதில்லை.

உலர்ந்த பிறகு

ஈரத்தில் சரியாக இருந்த ஃபைபர் பிரிண்ட் உலர்ந்ததும் இருண்டுவிடும். வெளிச்சமான சுவர்தான் முதலில் மங்கும். எவ்வளவு என்பது பேப்பருக்குப் பேப்பர் மாறும், பெரும்பாலும் ஐந்திலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்குள். உங்கள் பேப்பருக்குக் கண்டுபிடிக்க ஒரு பிரிண்டைச் சரியான நேரத்தில் போட்டு ஈரமாகவே தண்ணீரில் வைத்திருங்கள். அதே படத்தை 6, 8, 10, 12 சதவீதம் குறைத்து நான்கு தாளில் போட்டு உலர்த்துங்கள். ஈரப் பிரிண்டோடு எது ஒத்துப்போகிறதோ அதுவே அந்தப் பேப்பரின் கழிவு. இனி எல்லா நேரத்திலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நீரை வழித்துவிட்டு வலைத்தட்டில் முகம் கீழே இருக்க உலர விடுங்கள். சுருண்டால், முழுதும் காய்ந்த பிறகு இரண்டு அட்டைகளுக்கு நடுவே கனமான எடையின் கீழ் இரண்டு நாள் போதும். பிரிண்டில் விழும் வெள்ளைப் புள்ளி நெகட்டிவின் மேல் இருந்த தூசு. மெல்லிய தூரிகையால் நீர்த்த சாயத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்புங்கள், கோடாக இழுக்காதீர்கள். கரடுமுரடான கல்லில் புள்ளி மறைந்துவிடும், வானத்தில்தான் கழுத்தறுக்கும். ஆகவே நெகட்டிவை ஏற்றும்போதே வானப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துத் தூசு தட்டுங்கள். ஃபிலிமின் முதுகில் கீறல் இருந்தால் மூக்கோரத்து எண்ணெய்ப் பசையை விரல் நுனியில் எடுத்து லேசாகத் தடவுவது பழைய வைத்தியம். ஒளி கீறலில் சிதறாமல் நேராகப் போகும். வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்.

8×10இல் திருப்தியானதைப் பெரிதாக்கும்போது நேரத்தைப் புதிதாகத் தேட வேண்டாம். பெரிதாக்கும் மடங்கோடு ஒன்றைக் கூட்டி, புதியதைப் பழையதால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். ஏழு மடங்கிலிருந்து பத்து மடங்கு என்றால் 11ஐ 8ஆல் வகுத்து வர்க்கம், 1.9. 16 நொடி 30 ஆகும். பெரிய பிரிண்ட் சற்றுத் தட்டையாகத் தெரிவதால் 5 ஃபில்டர் நேரத்தைக் கால் பங்கு போலக் கூட்டிப் பார்க்கலாம்.

அடுத்த ரோலுக்கு ஒரு வார்த்தை. அதே சந்துகளில் மறுபடி எடுப்பதானால் 400 வேக ஃபிலிமைக் கேமராவில் 200 அல்லது 250 வேகம் என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். நிழலுக்குக் கூடுதல் ஒளி கிடைக்கும், வானம் அளவுக்கு மீறி அடர்ந்து போகாது. வானத்துக்காகச் சிவப்பு, ஆரஞ்சு ஃபில்டர் போடும் ஆசை வரும். சந்தின் நிழலுக்கு வரும் ஒளி பெரும்பாலும் மேலே தெரியும் நீல வானத்திலிருந்துதான் வருகிறது. ஆரஞ்சு ஃபில்டர் வானத்தைக் கறுக்கும்போது அந்த நிழலையும் சேர்த்தே கறுக்கும். மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.